சிலிண்டர் வண்டியில் ஒரு தேரோட்டம்

பொதுவாக மனிதர்கள் விழுந்த பிறகுதான் கட்டுப் போட்டுக்கொள்வார்கள். உடம்பெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு, அதன் பிறகு விழப் போனவள் எனக்குத் தெரிந்து ராஜபாளையத்தில் நான் ஒருத்திதான். இப்போது மதுரையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விபத்துக்குப் பணம் கேட்டு வருகிறவர்களிடம், "எப்படி விழுந்தீங்க? வரிசையாச் சொல்லுங்க" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. அவர்கள் உளறிக்கொட்டும்போது எனக்குக் கோபமே வருவதில்லை. அதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்லும் பதிலை உலகத்தில் எந்தக் கம்பெனியும் நம்பாது.

எல்லாம் எங்கள் தாய்மாமா செய்த வேலை. மாமா மிலிட்டரியில் இருந்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குக் கொஞ்சமும் பயன்படாத எதையாவது ஆசை ஆசையாக வாங்கி வருவார். ஒரு தடவை, ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில், ஆளுக்கொரு ஜோடி கம்பளிக் கையுறை. நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் அவர் கொண்டுவந்தது ஒரு ஸ்கேட்டிங் பலகை. நாலு சக்கரம், மேலே சொரசொரவென்று கறுப்புத் தாள், அடியில் நெருப்பைக் கக்கும் மண்டையோட்டுப் படம்.

"இது என்னடா கண்றாவி?" என்றாள் அம்மா.

"பிள்ளைக இதுல ஏறி நின்னு போகும்க்கா. அங்கெல்லாம் வாண்டுப் பயலுவகூடப் போறானுவ."

அம்மா பலகையைக் கவிழ்த்து வைத்து ஒரு சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்லாத்தான் உருளுது. சிலிண்டர் நகட்டுறதுக்கு ஆகும்."

அன்றிலிருந்து அது சிலிண்டர் வண்டி ஆனது. வாசலில் இறக்கிவைக்கும் கேஸ் சிலிண்டரை அதன் மேல் ஏற்றி, அம்மா ஒற்றைக் காலால் தள்ளியபடியே அடுப்படிக்குக் கொண்டுபோவாள். ஆயுத பூஜைக்கு மிக்சி, கிரைண்டர், அப்பாவின் பைக் வரிசையில் அதற்கும் இடம் கிடைத்தது. மண்டையோட்டின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தபோது அதன் கோபம் கொஞ்சம் தணிந்த மாதிரிகூட எனக்குத் தெரிந்தது.

இனி வினோத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் இருக்கிறது. டேங்கிலிருந்து கண்மாய்ப் பக்கம் இறங்கும் பாதைக்கு அந்த வருஷம்தான் நகராட்சி சிமெண்ட் ரோடு போட்டிருந்தது. குண்டுகுழி இல்லாத ரோடு என்பதை நாங்கள் அதுவரை பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தோம். டேங்க் இறக்கம் என்று அதற்குப் பேர் வைத்துவிட்டு விளையாடப் போனால், அங்கே ஏற்கெனவே ஓர் அரசாங்கம் நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு லீவில் இருந்த வினோத்தும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும்தான் அரசாங்கம். மூவருக்கும் கியர் சைக்கிள் உண்டு. மூவரும் இறக்கத்தில் சர்ரென்று இறங்குவார்கள். இறங்கிய சைக்கிளைத் திரும்ப மேலே தள்ளிக்கொண்டு வருவது எங்களைப் போன்ற பொடிசுகளின் வேலை. தள்ளாவிட்டால் நடுமண்டையில் குட்டு. அதிலும் வினோத் கையில் எந்நேரமும் ஒரு நீளக் கம்பு இருக்கும். கம்பு நுனியில் கறுப்புப் பாலிதீன் பை ஒன்று கட்டியிருக்கும். அது அவர்களுடைய கொடி என்று நாங்கள் நம்பினோம். சைக்கிளில் இறங்குகிற நேரம் போக, காலை முதல் சாயங்காலம் வரை, உச்சி வெயிலில்கூட, அவன் அந்தக் கொடியோடு இறக்கத்தின் அடியில் காவல் நிற்பான். இப்படி ஒரு கடமை தவறாத ரவுடியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் சித்தி மகன் சுந்தர் வந்திருந்தான். என்னைவிட ஒரு வயசு சின்னவன். யாராவது திரும்பிப் பார்த்தால் பாதி வார்த்தையில் பேச்சை நிறுத்திவிடுகிற அளவுக்குச் சாது. அவனையும் சைக்கிள் தள்ளச் சொன்னார்கள். ரெண்டு நடை தள்ளினான். மூன்றாவது நடையில் மூச்சு வாங்கிக் கொஞ்சம் நின்றான். வினோத்தின் கூட்டாளி ஒருவன் அவனுடைய செருப்பைக் கழற்றச் சொல்லி, ரெண்டையும் டேங்கின் மேல் தூக்கிப் போட்டுவிட்டான். சுந்தர் வெறுங்காலோடு அந்தக் கொதிக்கிற சிமெண்டில் குதித்துக் குதித்துச் சைக்கிளைத் தள்ளியதை நான் பார்த்தேன். அவன் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"இனிமே நாங்க தள்ள மாட்டோம்" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் என்னைப் பார்த்த பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

வினோத் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். "ஏன், ரோடு ஒங்க அப்பா போட்டதா?"

"ஒங்க அப்பாவும் போடல. நகராட்சி போட்டது."

"ஏட்டி, வண்டி வச்சிருக்கவன் எறங்குவான். இல்லாதவன் தள்ளுவான். அதான் இங்க சட்டம். ஒன்கிட்ட என்ன வண்டி இருக்கு?"

"இருக்கு. நின்னுக்கிட்டே போற வண்டி. எங்க மாமா மிலிட்டரியில இருந்து கொண்டாந்தது."

(மிலிட்டரி என்று சொன்னதும் அவன் ஏதோ பீரங்கி என்று நினைத்திருக்க வேண்டும். ஓர் அடி பின்வாங்கினான்.)

அப்புறம் பேசிப் பேசிப் பந்தயம் முடிவானது. டேங்கிலிருந்து கிளம்பி, கால் தரையில் படாமல், அடியில் இருக்கும் வேப்பமரத்தை நான் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் இனி எந்தப் பொடிசும் சைக்கிள் தள்ள வேண்டாம், இறக்கம் எல்லாருக்கும் பொது. கால் பட்டுவிட்டால் வண்டி அவர்களுக்கு, லீவு முடியும்வரை சைக்கிள் தள்ளுவது நானும் சுந்தரும் மட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள். தெருப் பொடிசுகள் எல்லாம் என்னை ஜான்சி ராணியைப் பார்ப்பதுபோல் பார்த்தன.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல்தான். அதுவரை அந்தப் பலகையில் சிலிண்டர் நின்றிருக்கிறதே தவிர, நான் நின்றதே கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அன்று ராத்திரி அம்மா அடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "தீ செவப்பா எரியுது. சீக்கிரம் முடிஞ்சிரும் போல" என்றாள். சிலிண்டர் தீர்ந்தால் வண்டியைத் தேடுவாள். வண்டியைப் பந்தயத்தில் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால், வினோத்தெல்லாம் ஒரு ரவுடியா என்று கேட்க வைத்துவிடுவாள்.

"ஓட்டுறதப் பத்திக் கவலப்படாதக்கா. அது தன்னால ஓடும்" என்றான் சுந்தர். "நிறுத்துறதுக்குத்தான் ஆள் வேணும். எங்க ஊருக்கு வா."

அவனுக்கு அப்படிப் பேச உரிமை இருந்தது. அவன் அப்பா, அதாவது என் சித்தப்பா, ஆடிப்பூரத் தேருக்குக் கட்டை போடுகிறவர். தேர் என்றால் சாமானியத் தேர் இல்லை, வானத்தை மறைக்கிற தேர். அதை ஊரே கூடி வடம் பிடித்து இழுக்கும். ஆனால் நிறுத்துவதும் திருப்புவதும், சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து ஓடியபடி கட்டையைச் செருகுகிற சில பேர் கையில்தான் இருக்கிறது. ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் போட்டால் தேர் நிற்கும். ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டால் அந்தப் பக்கம் திரும்பும். அவ்வளவு பெரிய தேருக்கே ஆகிற வித்தை இத்துனூண்டு பலகைக்கு ஆகாதா? எனக்கு அந்த வாதத்தில் எந்த ஓட்டையும் தெரியவில்லை. அதில் ஒரு தேரே போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது பிறகுதான் தெரிந்தது.

சித்தி வீட்டில் ரெண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பலகையை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"என்ன பாப்பா அது?"

"கல்யாணத்துக்கு உக்கார்ற மணைண்ணே."

பஸ் ஒரு குலுக்கல் குலுக்கியதில் வேட்டி விலகிச் சக்கரம் எட்டிப் பார்த்தது. கண்டக்டர் சக்கரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மணைக்கு எதுக்கு சக்கரம்?"

"அவசரக் கல்யாணம்ணே" என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கும்வரை அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

சுந்தர் வீட்டுத் தெருவில் பயிற்சி ஆரம்பமானது. சித்தியின் துணி காயப்போடும் கயிறுதான் வடம். தெருப் பிள்ளைகள் முன்னால் நின்று அதை இழுத்தார்கள். நான் பலகை மேல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன் (வேறு எப்படி நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை). சுந்தர் மிச்ச மரத்தில் செதுக்கிய குட்டிக் கட்டைகளோடு பக்கத்திலேயே குனிந்து ஓடிவந்தான். அந்தச் சாதுவா இவன் என்று ஆச்சரியமாக இருந்தது. "இழு! இழு! நிறுத்து!" என்று தெருவே அதிரக் கத்தினான். கட்டையைச் செருகினான். பலகை சமர்த்தாக நின்றது. நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தேன். ஒரு பக்கம் மட்டும் போட்டுப் பார்த்தோம். பலகை அழகாகத் திரும்பியது. தெருவில் போன ஒரு பெரியவர் அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரெண்டு நாளில் நான் தேர்ந்துவிட்டதாக முடிவு செய்தோம். அந்தத் தெரு தரைமட்டமாக இருந்ததையும், பிள்ளைகள் இழுத்தால்தான் பலகை நகர்ந்தது என்பதையும் யாருமே யோசிக்கவில்லை. டேங்க் இறக்கத்தில் வடம் கிடையாது. இழுப்பதற்கு ஆள் தேவையும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் கூட்டாளி செல்வியின் அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த வெள்ளை வலைத்துணி எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிடக்கும். கைப்பிடித் துணியிலிருந்து கொசுவலை ஓட்டைக்கு ஒட்டுப்போடுவதுவரை எல்லாம் அதுதான். செல்வி கழிவுத்துணிச் சுருளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தாள்.

"விழுந்தா அடிபடாம இருக்க முட்டியில சுத்திக்க" என்றாள்.

முட்டியில் சுற்றினோம். துணி மிச்சம் இருந்தது. முழங்கையில் சுற்றினோம். இன்னும் இருந்தது. இடுப்பு, தோள், கழுத்து என்று சுற்றி முடித்து, தலையில் அப்பாவின் பைக் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்கள். அந்த ஹெல்மெட்டுக்குள் என் தலை மட்டுமல்ல, சுந்தர் தலையும் சேர்ந்து குடியிருக்கலாம். நான் தலையைத் திருப்பினால் ஹெல்மெட் திரும்பாது. முட்டியை மடக்கவே முடியாத கோலத்தில் என்னை ரெண்டு பேர் தூக்கிப் பலகை மேல் நிறுத்தினார்கள்.

இறக்கத்தின் அடியில் வேப்பமரம். அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ரோட்டின் இடது ஓரமாக, வினோத் வீட்டுக்கு எதிரே ஒரு கயிற்றுக் கட்டில் வெயிலில் கிடந்தது. மேலே சேலை விரித்து என்னவோ காயப் போட்டிருந்தார்கள். அது எப்போதும் அங்கே கிடக்கும். அதை நாங்கள் யாரும் கவனித்ததில்லை. வேப்பமரத்தடியில் சுந்தர் கட்டையோடு குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். நான் மரத்தைத் தாண்டியதும் கட்டையைப் போடுவதாகத் திட்டம்.

"ரெடியாக்கா?" என்று கீழிருந்து கத்தினான்.

இல்லை என்று தலையாட்டினேன். ஹெல்மெட் ஆடாததால் அது யாருக்கும் தெரியவில்லை. செல்வி தள்ளிவிட்டாள்.

முதலில் கொஞ்ச தூரம் பலகை மரியாதையாகப் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஞாபகத்தில் நான் கையைக் கூப்பினேன். பிறகு சக்கரத்தின் சத்தம் மாறியது. காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து ஊளையிட்டது. இடுப்புக் கட்டு அவிழ்ந்து எனக்குப் பின்னால் வெள்ளையாகப் பறந்தது. நான் "சுந்தரூ" என்று கத்த ஆரம்பித்தது டேங்குக்குப் பக்கத்தில், முடித்தது எங்கே என்று தெரியாது. பார்த்துக்கொண்டிருந்த பொடிசுகளுக்கு நான் பயங்கர தைரியமாகக் கைகூப்பிப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியதாம். கையைப் பிரிக்க முடியாத அளவுக்கு எனக்கு உதறல் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் வினோத் அந்த வேலையைச் செய்தான். நான் விழாமல் பாதி தூரம் வந்துவிட்டதைப் பார்த்ததும், மூன்று சைக்கிளையும் இழுத்து வேப்பமரத்துக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டான்.

சுந்தர் அதைப் பார்த்துவிட்டான். அவன் அப்போது சும்மா உட்கார்ந்திருந்தால் நான் சைக்கிள்களின் மேல் மோதிப் பல்லெல்லாம் கொட்டியிருக்கும். அவன் எழுந்து சைக்கிள்களைத் தாண்டி என்னை நோக்கி ஓடிவந்தான். சித்தப்பா ஓடுகிற மாதிரியே குனிந்து ஓடிவந்தான். திருப்ப வேண்டும் என்றால் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை. அவன் கணக்குத் தப்பவில்லை. இடது சக்கரத்துக்கு முன்னால் மிகச் சரியாகக் கட்டையைப் போட்டான்.

பலகை இடது பக்கம் திரும்பிச் சட்டென்று நின்றது. நான் நிற்கவில்லை.

கூப்பிய கையோடு காற்றில் போனேன். வானம் தெரிந்தது. காக்காய் ஒன்று தெரிந்தது. அதற்கும் என்னைப் பார்த்து ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும். பிறகு தொப்பென்று எதன் மேலோ விழுந்தேன். அது என்னை ஒரு தடவை மேலே தூக்கிப்போட்டுத் திரும்பப் பிடித்துக்கொண்டது. ஹெல்மெட் முகத்துக்கு வந்துவிட்டதால் ஒரே இருட்டு. பின்னந்தலையிலிருந்து முதுகுவரை கொழகொழவென்று ஈரம். மூளை வெளியே வந்துவிட்டது என்று முடிவுசெய்து அழ வாயைத் திறந்தேன். கொஞ்சம் வாய்க்குள் போனது. மூளையில் உப்பும் சீரகமும் சரியாக இருந்தன.

"கால் பட்டுருச்சு! வண்டி எங்களுக்கு!" என்று வினோத் கத்தினான்.

"படல!"

ஹெல்மெட்டை நகர்த்திப் பார்த்தேன். சுந்தர். வினோத்தின் நெஞ்சுயரம்கூட வராதவன், அவனுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா! கால கீழ வச்சிராத! என்ன ஆனாலும் வைக்காத!" என்று என்னிடம் கத்திவிட்டு வினோத்திடம் திரும்பினான். "தரையில படக்கூடாதுன்னுதான சொன்ன? அக்கா கட்டில்ல கெடக்கா. கட்டிலு தரையா? ஒங்க அம்மா வத்தலத் தரையிலயா காயப் போட்டிருக்காவ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கிடந்தது வினோத் அம்மாவின் கூழ்வத்தலில். அன்று காலைதான் பிழிந்திருந்தார்கள். பாதிகூடக் காயவில்லை.

நான் அவசரமாக ரெண்டு காலையும் ஆகாயத்துக்குத் தூக்கினேன்.

எல்லாரும் சுந்தரைத் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக அவன் பேச்சு நின்றுவிடுகிற இடம் அது. நிற்கவில்லை. குரல் நடுங்கியது, கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது, ஆனால் பேசினான். "படல. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். படல."

"படல" என்றாள் செல்வி. "படல" என்றது இன்னொரு பொடிசு. அத்தனை நாளும் குட்டு வாங்கிய அத்தனை மண்டைகளும் சேர்ந்து, "படல! கால் படல!" என்று கத்த ஆரம்பித்தன. எனக்கும் தொண்டையை அடைத்தது. அதில் கொஞ்சம் வத்தலும் இருந்தது.

வினோத் தடுமாறிவிட்டான். ஆனாலும் விடவில்லை. "சரி, படல. ஆனா மரத்தத் தாண்டலல்ல? இன்னும் இந்தப் பக்கந்தான கெடக்கா? எறங்கித்தான ஆவணும்?"

அது நியாயமான கேள்விதான். நான் காலைத் தூக்கிக்கொண்டு எத்தனை நேரம் கிடக்க முடியும்? தொடை நடுங்கத் தொடங்கியது. வினோத் கட்டில் பக்கமாகக் குனிந்து பல்லைக் கடித்தபடி, "எறங்கித் தொலயிட்டி. எங்க அம்மா வந்துரும்" என்றான். அவன் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன்.

"முடியாதுண்ணே" என்றேன். "எனக்கு ரொம்ப அடி."

அவன் அம்மா வந்தேவிட்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து கரண்டியோடு ஓடிவந்து, "அய்யய்யோ என் வத்தலு!" என்று நெஞ்சில் கைவைத்தார்கள். அடுத்த நொடி வத்தலுக்கு நடுவில் தலை முதல் கால்வரை கட்டுப் போட்ட ஓர் உருவம் காலைத் தூக்கிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, "அய்யய்யோ புள்ள!" என்று இன்னும் பெரிதாக அலறினார்கள்.

"யாரு பெத்த புள்ளயோ, இம்புட்டு அடிபட்டுக் கெடக்கே! காலு வேற கீழ எறங்க மாட்டேங்குதே! ஏலே வினோத்து, என்னலே மரமாட்டம் நிக்க? புடிலே கட்டில! ஏலே, நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் புடிங்கலே! ஆசுபத்திரிக்குத் தூக்குங்க!"

"அம்மா, அவளுக்கு ஒண்ணும்..."

"தூக்குலேங்கேன்!"

கட்டிலின் மூன்று காலை மூன்று ரவுடிகளும் பிடித்தார்கள். நாலாவது காலைச் சுந்தர் பிடித்தான். கரண்டியோடு வினோத் அம்மா முன்னால் நடந்து, குறுக்கே நின்ற மூன்று சைக்கிளையும் ஒவ்வொன்றாக ஓரத்தில் தள்ளிவிட்டு வழி பண்ணினார்கள். பொடிசுகள் பின்னால் கூட்டமாக வந்தன. யாரோ "இழு! இழு!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஹெல்மெட்டோடு, காலை ஆகாயத்தில் நிறுத்தி, கை கூப்பியபடி ஊர்வலம் போனேன். இலை நிழல் என் மேல் விழுந்தது. வேப்பமரம் தலைக்கு மேல் வந்து, பின்னால் போனது.

சுந்தர் கட்டிலின் காலைப் பிடித்தபடியே குனிந்து என்னிடம் சொன்னான். "அக்கா, தாண்டியாச்சு. இனி கால கீழ வையி."

கீழே வைத்தேன். எழுந்து நின்றேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பிள்ளை எழுந்து நின்றதைப் பார்த்து வினோத் அம்மா கட்டுத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அடிபட்டது கட்டுப் போடாத ஒரே இடமான இடதுகைச் சுண்டுவிரலில்தான்.

"விழுந்த பொறவு கட்டுப் போட்டியா, கட்டுப் போட்ட பொறவு விழுந்தியா?"

சொன்னேன். பொடிசுகள் சைக்கிள் தள்ளியது, குட்டு, டேங்கின் மேல் கிடக்கும் செருப்பு என்று மிச்சத்தை எல்லாம் சொல்லிவிட்டன. வினோத் அம்மா மகன் பக்கம் திரும்பி, கட்டில் காலோடு சேர்த்து அவன் பிடித்திருந்த கொடிக்கம்பை வாங்கினார்கள்.

"காக்கா வெரட்டச் சொல்லி இந்தக் கம்ப குடுத்து ஒன்ன நிறுத்துனா, நீ ஊரான் புள்ளயளயா வெரட்டிக்கிட்டு இருந்த?"

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காக்காய்! அந்தக் கறுப்புக் கொடி காக்காய் விரட்டுகிற கம்பு. லீவு முழுக்க எங்களை நடுங்கவைத்தவன், கூழ்வத்தலுக்குக் காவல் வைக்கப்பட்ட ஆள். கட்டிலை விட்டு நகரக்கூடாது என்பது அம்மா உத்தரவு. அதனால்தான் அந்த இறக்கமே அவன் ராஜ்ஜியம் ஆகியிருக்கிறது. செல்விதான் முதலில் சிரித்தாள். பிறகு ஒருத்தராலும் அடக்க முடியவில்லை. எனக்கு அவன்மேல் கொஞ்சம் பாவமாக இருந்தது. அதற்காகச் சிரிப்பதை நிறுத்தவில்லை.

அந்த நேரத்தில்தான் என் அம்மா வந்து சேர்ந்தாள். சாம்பார் பாதியில் சிலிண்டர் தீர்ந்துபோயிருக்கிறது. கட்டும் ஹெல்மெட்டும் வத்தலுமாக நின்ற பெற்ற மகளைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "பலகை எங்கட்டி?"

வினோத் அம்மா தீர்ப்புச் சொன்னார்கள். டேங்க்காரரிடம் கேட்டு மேலே ஏறி, செருப்பை வினோத் எடுத்துவந்து சுந்தர் காலடியில் வைத்தான். அந்த லீவு முழுக்க நாங்கள் பலகையில் உட்கார்ந்து இறங்கினோம் (நின்று போக அம்மா தடை போட்டுவிட்டாள்). எங்களைத் திரும்ப மேலே இழுத்துவிடும் வேலை மூவருக்கும். வடம் மட்டும் நாங்கள் கொடுத்தோம். ஒரு வாரத்தில் வினோத்தே கெஞ்சிக்கேட்டு ஒரு தடவை பலகையில் இறங்கிப் பார்த்தான். அதற்குள் அவன் எங்களுக்கு வினோத்தண்ணன் ஆகிவிட்டான். இப்போது போலீசில் இருக்கிறான். ஊருக்கு வரும்போது என்னை ஸ்கூட்டரில் பார்த்தால் மறித்து நிறுத்தி, "ஹெல்மெட் சரி, கட்டு எங்க?" என்பான்.

அந்தக் கூழ்வத்தலை வினோத் அம்மா வீணாக்கவில்லை. என் முதுகு பட்ட இடத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் காயவைத்து எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். பொரித்தால், அவிழ்ந்து பறந்த என் இடுப்புக் கட்டு படிந்த சிலவற்றில் பேண்டேஜ் துணியின் வலைக்கோடு தெரிந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் வத்தல் பொரித்தாலே அப்பா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மகேசு தெரியுதாளா?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்பது வழக்கம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் காரணம் கேட்க, முழுக்கதையையும் சொல்லிவிட்டார். அன்று கதையைக் கேட்டுப் புரையேறச் சிரித்தவர்தான் இப்போது என் வீட்டுக்காரர். வீட்டில் சண்டை வந்து நான் விட்டுக்கொடுக்காமல் நின்றால், "கால இன்னும் கீழ வைக்கலியா?" என்பார்.

சுந்தர் இப்போது சித்தப்பாவோடு சேர்ந்து தேருக்குக் கட்டை போடுகிறான். பலகைக்குத் தான் போட்ட கட்டை சரியான கட்டைதான் என்று இன்றைக்கும் வாதாடுகிறான். "வண்டி சொன்ன பேச்சுக் கேட்டுச்சு. நீதான் கேக்கல" என்பான்.

ஆடிப்பூரத்துக்கு நான் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவேன். போன ஆடியிலும் போனேன். கூட்டத்தில் நின்று பார்த்தேன். அத்தனை பெரிய தேர் அசைந்து அசைந்து வருகிறது. அதன் சக்கரத்தடியில் குனிந்தபடி, ஊரே கேட்கிற குரலில் கத்திக்கொண்டு ஓடிவருகிறான், யாராவது திரும்பிப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுகிற என் தம்பி. மூலை வந்தது. கட்டையைப் போட்டான். தேர் முனகிக்கொண்டு திரும்பி நின்றது. அந்த நொடியில், கூட்டத்துக்கு நடுவில், என் வலது கால் தன்னால் தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டது.

அவன் நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தான். அத்தனை ஆயிரம் தலைகளுக்கு நடுவில் என்னைக் கண்டுபிடித்து, ஒற்றைக் காலில் நிற்கிற என்னைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டே கத்தினான்.

"அக்கா, தாண்டியாச்சு! கால கீழ வையி!"